நிதானம் அண்ணனின் இயல்பு நிலை

எங்கள் கார் கம்பெனியில் நாற்பத்திரண்டு டிரைவர்கள். அதில் ஒருவரை மட்டும் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நிதானம் என்றுதான் சொல்வோம். வயதில் சின்னவர்கள் நிதானம் அண்ணே என்பார்கள். இருபத்தாறு வருடமாக வண்டி ஓட்டியும் ஒரு கீறல் விழவிடாத மனுஷன். ஹாரனைத் தொட மாட்டார். முன்னால் போகிற லாரி மேட்டில் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறினால் இவரும் அதன் பின்னாலேயே பேசாமல் ஏறுவார். விமானத்தைப் பிடிக்க ஓடுகிறவர்கள் இவர் வண்டியில் ஏறியதும் முதல் பத்து நிமிடம் பல்லைக் கடிப்பார்கள், அப்புறம் அசந்து தூங்கிவிடுவார்கள், கண்ணைத் திறந்தால் நேரத்துக்கு வந்து சேர்ந்திருப்பார்கள். குறுக்கே வந்து விழுந்த பைக்குக்காரன் இவரையே திட்டினாலும் கண்ணாடியை இறக்கி, அடி ஏதும் படவில்லையே என்று கேட்டுவிட்டுத்தான் போவார். எங்களுக்கெல்லாம் அவர் மேல் பிரியமும் இருந்தது, கொஞ்சம் வயிற்றெரிச்சலும் இருந்தது.

அவரைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் என்னைப் பற்றி இரண்டு வார்த்தை. நானும் பதினான்கு வருடம் ஓட்டியவன். ஒரு மழை நாளில், சும்மா நின்றுகொண்டிருந்த என் வண்டியில் எவனோ வந்து மோதியதில் இடது முழங்கால் மடங்காமல் போனது. கம்பெனி பெரிய மனது பண்ணி என்னைத் திரை அறையில் உட்கார வைத்தது. வண்டிகள் எங்கே இருக்கின்றன என்று பார்த்துக்கொண்டிருக்கிற வேலை. இந்தக் காலை வைத்துக்கொண்டு வேறு எங்கேயும் வேலை கிடைக்காது என்பது எனக்கும் தெரியும், மேனேஜருக்கும் தெரியும். இனிமேல் நான் சொல்லப்போகிற எல்லாவற்றுக்கும் அந்தக் கால்தான் என்னுடைய சாக்கு. சாக்கு என்றுதான் சொல்கிறேன், நியாயம் என்று சொல்லவில்லை.

போன வருடம் எல்லா வண்டிகளிலும் புதுக் கருவி வைத்தார்கள். ஸ்டியரிங்கைப் பிடித்தால் உள்ளங்கை வழியாக நாடித்துடிப்பைப் பார்க்கும். சீட் பெல்ட் மூச்சை எண்ணும். கண்ணாடிக்கு மேலே ஒரு குட்டி கேமரா இமைகளைப் பார்க்கும். மூன்றும் சேர்ந்து என் திரையில் வண்டிக்கு ஒரு விளக்காக எரியும். பச்சை என்றால் டிரைவர் இயல்பாக இருக்கிறார். மஞ்சள் என்றால் பதற்றம். சிவப்பு என்றால் தூக்கம் வந்துவிட்டது, உடனே சீட் அதிரும், ஒரு பெண் குரல் தேன் தடவினாற்போல, "நீங்கள் களைப்பாக இருக்கிறீர்கள். வண்டியை ஓரமாக நிறுத்துங்கள்" என்று சொல்லும். ஒரே மாதத்தில் மூன்று சிவப்பு வந்தால் வண்டிச் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

கருவி வந்த அன்று மேனேஜர் எங்களை எல்லாம் கொட்டகையில் நிற்க வைத்துப் பேசினார். உங்கள் உடம்பைப் பற்றி உங்களைவிடக் கம்பெனிக்குத்தான் அக்கறை என்றார். கேட்டுக்கொண்டிருந்த நாற்பத்துச் சொச்சம் பேருக்கும் ஒரே கழிப்பறை, அதற்கும் தாழ்ப்பாள் கிடையாது, உள்ளே போகிறவர் கதவை ஒரு காலால் அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். எனக்கு அந்த வசதியும் இல்லை. அக்கறை எப்போதும் மேலே இருந்து தொடங்கும் போலிருக்கிறது, இடுப்புக்குக் கீழே வர நாளாகும் என்று பின்வரிசையில் யாரோ சொன்னதும் எல்லோரும் சிரித்தோம். நிதானம் மட்டும் சிரிக்கவில்லை. ஓரமாக நின்று செல்போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கருவி எல்லோரையும் ஒரே அளவுகோலால் அளக்காது, அதுதான் அதன் பெருமை என்று விற்க வந்த ஆள் விளக்கினார். முதல் ஏழு நாட்கள் அது சும்மா பார்த்துக்கொண்டிருக்கும். ஒவ்வொருவருடைய நாடியும் மூச்சும் எப்படி ஓடுகின்றன என்று பழகிக்கொள்ளும். அந்த ஏழு நாளின் சராசரிதான் அந்த ஆளின் இயல்பு நிலை. அதற்கு மேலே ரொம்பப் போனால் பதற்றம், கீழே ரொம்ப இறங்கினால் தூக்கம். மறுபடி பழகுவது அடுத்த வருடம்தான்.

அந்த ஏழு நாட்களில்தான் நிதானத்தின் மனைவி சாகக் கிடந்தார். அண்ணி வீட்டிலேயே தையல் மிஷின் வைத்து, வாங்கிய துணிகளை ஆளுக்குத் தக்கபடி பிடித்துக் கொடுக்கிறவர். வாயும் ஊசி மாதிரிதான். வயிற்று வலி என்று இரண்டு நாள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்திருக்கிறார். மூன்றாம் நாள் குடலில் ஓட்டை விழுந்து ரத்தமெல்லாம் சீழ் ஏறிவிட்டது. தீவிர சிகிச்சைப் பிரிவில் போட்டிருந்தார்கள். நிதானம் லீவு கேட்டார். பழகும் வாரத்தை முடிக்காதவர் பெயர் புதுப் பட்டியலில் வராது, பட்டியலில் இல்லாதவருக்குக் கம்பெனியின் மருத்துவ அட்டை செல்லாது, அப்புறம் உங்கள் இஷ்டம் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். அண்ணியின் உயிர் அந்த அட்டையில் தொங்கிக்கொண்டிருந்தது. ஆகவே மனைவியைக் காப்பாற்ற அவர் மனைவியின் பக்கத்தில் இல்லாமல் வண்டி ஓட்டினார். காலையில் ஆஸ்பத்திரியிலிருந்து நேராக, கசங்கிய அதே சட்டையோடு வருவார், மாலையில் நேராக அங்கே போவார். எந்தப் பயணியிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. திரையில் அவர் நாடி நிமிடத்துக்குத் தொண்ணூற்றொன்று, தொண்ணூற்றேழு என்று ஓடிக்கொண்டிருந்தது. நான் பார்த்தேன். பாவம் மனுஷன் என்று உச்சுக் கொட்டிவிட்டு டீயைக் குடித்தேன்.

ஏழாம் நாள் மாலை என் திரையில் ஒவ்வொரு டிரைவருக்கும் ஒரு கேள்வி வந்தது. இந்த வாரம் இவருக்கு வழக்கமான வாரம்தானா, ஆம், இல்லை. நாற்பத்திரண்டு பேருக்கும் தனித்தனியாகப் படித்து, விசாரித்து, பதில் போட வேண்டும். மேலே ஒரு ஓரத்தில் எல்லோருக்கும் ஆம் என்று ஒரு பட்டனும் இருந்தது. என் ஷிஃப்ட் முடிய ஐந்து நிமிடம்தான் இருந்தது, கால் விண்விண் என்று தெறித்தது. அந்தப் பட்டனைத் தட்டிவிட்டு, கீழே கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

அவ்வளவுதான் நான் செய்தது. கொலை இல்லை, திருட்டு இல்லை. ஒரு தட்டு.

அண்ணி பிழைத்துவிட்டார். பதினோராம் நாள் வீட்டுக்கு வந்தார். குடலின் ஒரு முனையை வயிற்றுக்கு வெளியே எடுத்து விட்டு, ஒரு பையைப் பொருத்தி அனுப்பியிருந்தார்கள். உள்ளே எல்லாம் ஆறிய பிறகு, பத்துப் பதினோரு மாதம் கழித்து, இன்னொரு ஆபரேஷன் செய்து குடலை உள்ளே வைத்துத் தைப்பதாகச் சொன்னார்கள். அதுவரை மருத்துவ அட்டை உயிரோடு இருக்க வேண்டும். அட்டை உயிரோடு இருக்க நிதானம் வண்டியில் இருக்க வேண்டும். அது ஒன்றும் பெரிய விஷயமாகவே எங்களுக்குத் தோன்றவில்லை. அவர் வண்டியில் இல்லாமல் வேறு யார் இருப்பார்கள்?

அண்ணி வீடு வந்த மறுநாள் நிதானம் பழையபடி நிதானமாகிவிட்டார். முகச்சவரம் செய்துகொண்டு, தேய்த்த சட்டையோடு வந்தார். அன்று பதினொரு மணிக்கு அவர் விளக்கு சிவப்பானது. பின்சீட்டில் இருந்த அம்மா, டிரைவர் தூங்குகிறார், காரே சொல்கிறது என்று அலறி, நடுவழியில் இறங்கி, புகாரும் எழுதிவிட்டுப் போனார். நிதானத்துக்கு ஒன்றும் புரியவில்லை. கண் நன்றாகத் திறந்துதான் இருந்தது என்று கேமராவும் சொன்னது. ஆனால் நாடியும் மூச்சும் தாழ்ந்துவிட்டால், மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில், தூக்கம்தான் என்று கருவி முடிவு கட்டிவிடும்.

இரண்டாவது சிவப்பு இன்னும் அழகு. அண்ணியைப் பரிசோதித்த டாக்டர், இனி உயிருக்கு ஒரு பயமும் இல்லை என்று சொன்ன நாள் அது. நிதானம் அன்று வண்டியில் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு, ஒரு கிழவர் தெருவைக் கடக்கும்வரை நின்றிருக்கிறார். இருபத்தாறு வருடத்தில் அவர் அவ்வளவு சந்தோஷமாக ஓட்டிய நாள் இருந்திருக்காது. நீங்கள் களைப்பாக இருக்கிறீர்கள் என்றது அந்தத் தேன் குரல்.

மாலையில் திரை அறைக்கு வந்தார். நான் கணக்கைத் திறந்து பார்த்தேன். இயல்பு நிலை, தொண்ணூற்று நான்கு என்று இருந்தது. அவருடைய நிஜமான நாடி அறுபத்திரண்டு. கருவி ஆஸ்பத்திரி வாரத்தை அவருடைய இயல்பு என்று எடுத்துக்கொண்டிருந்தது. உயிர் போகிற பயம்தான் இந்த ஆளின் சாதாரண வாழ்க்கை என்று நம்பிக்கொண்டு, பயம் விலகியதும் ஐயோ இவன் தூங்கிவிட்டான் என்று கூவியது. அதற்குக் கீழே என் கையெழுத்து.

அவரை உட்கார வைத்துவிட்டு மேனேஜரிடம் போனேன். இவருடைய அளவு தவறாகப் பதிந்துவிட்டது, திரும்பப் பழக்க வேண்டும் என்று சொன்னேன். வருடம் முடியும் முன்னால் திருத்த வேண்டுமென்றால் முதல் பதிவு பொய் என்று எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார் அவர். பொய்ப் பதிவு போட்டவரை வேலையில் வைத்திருக்கக் கூடாது என்பது கருவி விற்றவர்களோடு போட்ட ஒப்பந்தம். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"அந்த வாரத்துக்கு யாரு கையெழுத்து போட்டது?"

அவருக்குத் தெரியும். திரை அறையில் என்னைத் தவிர வேறு யார் இருக்கிறார்கள்? ஆனாலும் கேட்டார். நான் என் காலைப் பார்த்தேன். "பாத்துட்டு சொல்றேன் சார்" என்று சொல்லிவிட்டு நொண்டிக்கொண்டு திரும்பி வந்தேன். அந்த நடை பதினைந்து அடிதான் இருக்கும். ஒரு மனுஷனை விற்றுவிட்டு வர அந்தத் தூரம் போதும்.

நிதானம் என்ன ஆச்சு என்று கேட்டார். விதி அப்படி, வருடம் முடிகிறவரை மாற்ற முடியாதாம் என்றேன். இந்த மாதத்தில் இன்னும் ஒரு சிவப்பு வந்தால் சாவி போய்விடும். சாவி போனால் அட்டை போய்விடும். அண்ணி வயிற்றில் பையோடு உட்கார்ந்திருக்கிறார். அவர் என் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை. ஏதாவது உதவி செய்துவிட்டதாக நானே என்னை நம்ப வைக்க வேண்டியிருந்தது. அதனால்தான் அந்த யோசனையைச் சொன்னேன்.

"அண்ணே, வண்டியில உக்காந்ததும் அந்த வாரத்தை நெனைச்சுக்கோங்க. அண்ணி ஆஸ்பத்திரியில கெடந்தாங்கல்ல, அதை. நாடி தானா ஏறிடும்."

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு, "அதுல எதை?" என்று கேட்டார். ஒரு பாடத்தில் எந்தப் பக்கம் படிக்க வேண்டும் என்று கேட்பது போலக் கேட்டார். எது ரொம்ப வலிக்குதோ அதை என்றேன் நான், பெரிய வைத்தியன் மாதிரி.

அவர் எடுத்துக்கொண்டது எது என்று பின்னால் ஒரு நாள் டீ குடிக்கும்போது சொன்னார். ஐந்தாம் நாள் காலை ஒரு நர்ஸ் வெளியே வந்து, ஒரு பிளாஸ்டிக் பையை அவர் கையில் கொடுத்திருக்கிறாள். உள்ளே அண்ணியின் செருப்பு. இதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், இனி இது இங்கே தேவைப்படாது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். வேறு வார்டுக்கு மாற்றுகிறார்கள், சாமான்களை வெளியே கொடுக்கிறார்கள், அவ்வளவுதான் விஷயம். அது தெரிய அரை மணி நேரம் ஆனது. அந்த அரை மணி நேரமும் அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டு, மனைவி போய்விட்டாள் என்று அவர் உட்கார்ந்திருந்தார். தினமும் சாவியைத் திருகும்போது மனதுக்குள் அந்தப் பையை மடியில் வைத்துக்கொள்வாராம்.

பலித்தது. நாடி எண்பத்தெட்டு, தொண்ணூறு, தொண்ணூற்று மூன்று. விளக்கு பச்சை. சிவப்பு வரவே இல்லை. மற்ற டிரைவர்களும் ஆளுக்கொரு வித்தை வைத்திருந்தார்கள். ஓயாமல் பேசுவதால் ரேடியோ என்று பெயர் வாங்கிய ஒருவர், பழகும் வாரம் முழுக்கப் பேசித் தீர்த்ததால், வாயை மூடினால் அவருக்குச் சிவப்பு வந்தது. பயணிகளின் கதி என்ன என்று கேட்காதீர்கள். இன்னொருவர் கிளம்பும் முன் வீட்டுக்குப் போன் போட்டு மைத்துனனோடு ஒரு சண்டை பிடித்துவிட்டுத்தான் வண்டி எடுப்பார். இதையெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம். நிதானத்தின் வித்தை என்ன என்று என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. நான்கு மாதம் தொடர்ந்து பச்சை என்பதற்காக மேனேஜர் அவரைக் கொட்டகையில் நிறுத்திக் கைதட்ட வைத்தார். பார்த்தீர்களா, கருவி ஆளைத் திருத்திவிட்டது என்றார். நானும் கைதட்டினேன்.

ஐந்தாம் மாதம் என் பேன்ட்டின் நீளத்தைக் குறைக்க அண்ணியிடம் போனேன். மடங்காத கால் மற்றதைவிட ஒரு விரல் குட்டை, எனக்கு அளவு தெரிந்த தையல்காரர் அவர் ஒருவர்தான். சின்ன வீடு. ஜன்னலோரமாக மிஷின், அதன் மேல் நூல்கண்டுகள் ஒரு பிஸ்கட் டப்பாவில். பையை மறைக்கத் தளர்வான ஒரு அங்கியைத் தானே தைத்துப் போட்டிருந்தார். ஆள் நன்றாகத் தேறியிருந்தார். துணியில் குண்டூசி குத்திக்கொண்டே, உங்க கம்பெனி கருவி உங்க அண்ணனுக்கு என்னதான் சொல்லிக்கொடுக்குது என்று கேட்டார். நான் சிரித்து மழுப்பினேன். அவர் சிரிக்கவில்லை.

"தம்பி, நான் உயிரோட முன்னாடி உக்காந்திருக்கேன். செத்தவளைப் பாக்கிற மாதிரி பாக்கிறாரு. வாசல்ல என் செருப்பு கெடந்தா எடுத்து அலமாரிக்கு அடியில ஒளிச்சு வெக்கிறாரு. தெனமும் நான் செருப்பைத் தேடிக்கிட்டுத்தான் வெளிய போறேன். கேட்டா ஒண்ணுமில்லைங்கிறாரு. உங்ககிட்ட ஏதாவது சொன்னாரா?"

என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை அண்ணி என்றேன். வேலை அலுப்பாக இருக்கும், சரியாகிவிடும் என்றேன். அவர் என் கால் பக்கத்தில் குனிந்து கடைசி ஊசியைக் குத்தினார். கூலி வாங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அந்த பேன்ட்டை நான் இன்றுவரை போடவில்லை.

ஏழாம் மாதம் ஒரு காலையில் கொட்டகை வாசலில் ஒரு ஹாரன் கத்தியது. விடாமல், கையை எடுக்காமல், ஒரு பத்து நொடி. யாருடா இவன் என்று எட்டிப் பார்த்தோம். நிதானம். முன்னால் ஒரு காய்கறி வண்டி திரும்பிக்கொண்டிருந்தது, அதற்காக. கழுவிக்கொண்டிருந்தவர்கள் குழாயைக்கூட மூடாமல் அவரையே பார்த்தார்கள். அவரும் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். திரையில் அவர் விளக்கு பச்சை.

அதற்குப் பிறகு அவரை அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடச் சின்னவர்கள் தயங்கினார்கள். சாப்பாட்டு டப்பாவைத் திறந்து இரண்டு வாயோடு மூடிவிடுவார். டீக்கடையில் கண்ணாடி டம்ளரைப் பிடிக்கிற பிடியில் அது உடைந்துவிடுமோ என்று இருக்கும். போதும் அண்ணே, உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று நான் பலமுறை வாயெடுத்தேன். சத்தியமாக எடுத்தேன். ஆனால் ஒவ்வொரு தடவையும், இத்தனை மாதம் ஓடிவிட்டது, இன்னும் மூன்று மாதம்தானே, இரண்டு மாதம்தானே என்று எனக்கு நானே தள்ளுபடி கொடுத்துக்கொண்டேன்.

பதினோராம் மாதம் அண்ணிக்கு இரண்டாவது ஆபரேஷன் நடந்தது. எல்லாம் நல்லபடியாக முடிந்தது. பை போய்விட்டது. அட்டை செலவை ஏற்றுக்கொண்டது. அவர் எதற்காக அந்த வண்டியில் ஒட்டிக்கொண்டிருந்தாரோ அது கைக்கு வந்துவிட்டது. எனக்கு ஒரு மூட்டையை இறக்கி வைத்தாற்போல இருந்தது. நல்ல வேளை, என் தப்பு யாரையும் கொல்லவில்லை என்று வீட்டில் போய் நிம்மதியாகத் தூங்கினேன்.

அடுத்த மாதம் மறுபடி பழகும் வாரம் வந்தது. முதல் நாள் காலை அவரை ஓரமாகக் கூட்டிப்போய், அண்ணே, இனி எதையும் நினைக்காதீர்கள், அண்ணி நன்றாக இருக்கிறார், நீங்கள் பழையபடி ஓட்டுங்கள், இந்த ஏழு நாளில் அறுபத்திரண்டு விழுந்துவிட்டால் எல்லாம் சரி என்றேன். தலையாட்டினார். போய் வண்டியில் உட்கார்ந்தார். நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தொண்ணூற்றாறு. மதியம் தொண்ணூற்றைந்து. மறுநாள் தொண்ணூற்றேழு. மூன்றாம் நாள் போன் போட்டு, நினைக்காதீங்கண்ணே என்றேன்.

"நான் எதையும் நெனைக்கல தம்பி" என்றார். "அதுவா வருது."

ஏழாம் நாள் கருவி விற்றவர்களின் ஆள் வந்திருந்தார். இரண்டு வருடக் கோடுகளையும் ஒன்றன் மேல் ஒன்றாகத் திரையில் போட்டுக் காட்டினார். போன வருடம் தொண்ணூற்று நான்கு, இந்த வருடம் தொண்ணூற்றாறு. நடுவில் ஒரு தடவை இவருடைய அளவு தவறு என்று சந்தேகப்பட்டீர்களாமே, பாருங்கள், எங்கள் கருவி அன்றைக்கே சரியாகத்தான் சொல்லியிருக்கிறது என்றார். மேனேஜர் என்னைத் திரும்பிப் பார்த்தார். எனக்கு அந்தத் திரையைத் தூக்கிப் போட்டு உடைக்க வேண்டும்போல இருந்தது. உடைக்கவில்லை.

அவர்கள் போன பிறகு அந்தக் கேள்வி வந்தது. இந்த வாரம் இவருக்கு வழக்கமான வாரம்தானா? இந்த முறை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் படித்தேன். நிதானத்தின் பெயர் வந்ததும் நின்றேன். அவர் வீட்டில் யாருக்கும் நோய் இல்லை. சாவு இல்லை, சண்டை இல்லை. மனைவி நன்றாக இருக்கிறாள், காலையில் எழுந்தார், வேலைக்கு வந்தார், போனார். இல்லை என்று போட என்னிடம் ஒரு காரணமும் இல்லை. ஆம் என்று தட்டினேன். போன வருடம் பொய்யாகத் தட்டிய அதே பதில் இந்த வருடம் உண்மையாகிவிட்டிருந்தது.

இரண்டாம் வருடக் கருவியில் ஒரு புதுச் சிறப்பு சேர்த்திருந்தார்கள். ஒவ்வொருவரையும் அவரோடு மட்டும் அல்லாமல், எல்லா டிரைவர்களோடும் ஒப்பிட்டுப் பார்க்கும். இயல்பு நிலையே தொண்ணூறைத் தாண்டியவர் வண்டி ஓட்டத் தகுதியில்லாதவர். பத்து நாளில் நிதானத்துக்குக் கடிதம் வந்தது. தொடர்ந்து மன அழுத்தத்தில் இருப்பதாகக் கருவி காட்டுகிறது, உங்கள் உடல்நலத்தில் எங்களுக்குள்ள அக்கறையால் உங்களை ஓட்டும் பணியிலிருந்து விடுவிக்கிறோம், நன்றாக ஓய்வெடுங்கள் என்று எழுதியிருந்தது. கடிதம் மரியாதையாகத்தான் இருந்தது. கீழே மேனேஜரின் கையெழுத்து, இந்த முறை என்னுடையது இல்லை.

சாவியை என் மேஜையில்தான் வைத்தார். சாவி வளையத்தில் ஒரு சின்னத் துணிப் பட்டை தொங்கும், அண்ணி தைத்தது, அதை மட்டும் கழற்றி எடுத்துக்கொண்டார். நானும் கூடவே பஸ் நிறுத்தம் வரை நடந்தேன். நொண்டி நடக்கிறவனுக்காக அவர் மெதுவாக நடந்தார். அந்தப் பழக்கம் மட்டும் மிச்சமிருந்தது. நிறுத்தத்தில் பெஞ்சில் உட்கார்ந்ததும் என்னால் அடக்க முடியவில்லை. எல்லாவற்றையும் கொட்டினேன். கேள்வியை, பட்டனை, மேனேஜர் அறையில் நான் வாயைத் திறக்காததை. அழுதுகொண்டே சொன்னேன், ஒளிக்க ஒன்றுமில்லை.

அவர் ஆச்சரியப்படவில்லை.

"தெரியும் தம்பி. அன்னைக்கு சாயந்தரம் ஆஸ்பத்திரிக்கு சீக்கிரம் போகணும்னு சொல்ல உன் ரூமுக்கு வந்தேன். கதவுகிட்ட நின்னேன். நீ காலைப் புடிச்சுக்கிட்டே ஒரே தட்டா தட்டுனே. ரெண்டாவது சிவப்பு வந்தப்பவே எனக்குப் புரிஞ்சுபோச்சு."

அப்படியானால் மேனேஜரிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். இந்தக் காலோடு நீ எங்கே போவாய் என்று திருப்பிக் கேட்டார். அதைக் கோபமாகச் சொல்லியிருந்தால் நான் பிழைத்திருப்பேன். சும்மா சொன்னார். அவருடைய கைகள் இரண்டும் முன்னால் எதையோ பிடித்திருப்பது போல இறுகி இருந்தன. தூரத்தில் பஸ் திரும்புவது தெரிந்ததும் அவர் என் பக்கம் திரும்பினார்.

"நாடியை ஏத்துறதுக்கு எதை நெனைக்கணும்னு சொன்னே. இப்போ வீட்டுக்குப் போறேன். வாசல்ல அவ செருப்பு கெடக்கும். எதை நெனைச்சுக்கிட்டு உள்ள போறது, அதைச் சொல்லு."

பஸ் வந்தது. அவர் ஏறினார், நின்றுகொண்டிருந்த ஒரு அம்மாவுக்கு வழி விட்டு, பின்னால் போய் உட்கார்ந்தார், முன்சீட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டார். மத்தியான ஷிஃப்ட் தொடங்க நேரமாகிவிட்டதால் நான் திரை அறைக்குத் திரும்பினேன். நாற்பத்தொரு விளக்குகள், எல்லாம் பச்சை.